இன்மை அறிக்கை

அவனுக்கு ஒன்றும் ஆகாது. அதுதான் அவன் தொழில், அதற்குத்தான் சம்பளம். கொழும்பில் ஒரு கிளப்புக்காக மூன்று பருவம் ரக்பி ஆடினான். இந்தப் பக்கம் பதினைந்து பேர், அந்தப் பக்கம் பதினைந்து பேர், நடுவில் முட்டை வடிவத்தில் ஒரு பந்து. பந்தைக் கட்டிக்கொண்டு ஓடி வருகிறவனை மோதி, இடுப்போடு பிடித்து, மண்ணில் சாய்ப்பது இவன் வேலை. சாய்த்ததும் எழுந்து அடுத்தவனைச் சாய்க்க ஓட வேண்டும். எண்பது நிமிடம் இப்படி. சாய்கிறவனைவிடச் சாய்க்கிறவனுக்குத்தான் அடி அதிகம் என்று பிற்பாடு எங்கோ படித்தேன். அப்போது தெரியாது. தெரிந்திருந்தாலும் வாடகை ஒழுங்காக வந்துகொண்டிருந்தது.

புதுக்கோட்டையில் என் வீட்டு மாடிக்கு அவனும் அவன் மனைவியும் குடிவந்தார்கள். கல்யாணமாகி ஒரு மாதம்கூட ஆகியிருக்காது. சாமான் இறக்கும்போது இரும்பு பீரோ படியில் நழுவி, அவனுடைய வலது கை விரல்களைச் சுவரோடு வைத்து நசுக்கியது. மேல்படியில் நின்ற லாரிக்காரர்தான் அலறினார். இவன் பீரோவைத் தோளால் முட்டி நிறுத்தி, கையை உருவி, லுங்கியில் துடைத்துக்கொண்டான். இரண்டு நகம் கறுத்துவிட்டது.

"தம்பி, ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வந்துரு" என்றேன்.

"ஒண்ணுமில்லைங்க சார்" என்றான். சிரித்தான். முன்பல் ஒன்று இல்லை.

அன்றுதான் அவன் காதுகளையும் பார்த்தேன். இரண்டும் காதுகளாகவே இல்லை. எண்ணெயில் போட்ட அப்பளம் சுருண்டு மடிவது மாதிரி மடிந்து, உள்ளே சதை வைத்து உப்பியிருந்தன. பதினாறு பேர் தலையோடு தலை கோத்து முட்டித் தள்ளும் கட்டம் ஒன்று அந்த ஆட்டத்தில் உண்டாம். அதில் காது இப்படி ஆகிவிடுமாம். "கேக்குதா?" என்று கேட்டேன். "நல்லாக் கேக்கும் சார்" என்று பக்கத்து வீட்டுச் சுவரைப் பார்த்துச் சொன்னான்.

தெருவில் யாரும் அவன் பெயரைச் சொல்வதில்லை. பிளேயர் என்பார்கள். மளிகைக் கடையில் 'பிளேயர் வீட்டுக்கு' என்றுதான் அட்டைப்பெட்டியில் எழுதுவார்கள். நானும் இங்கே பெயரைச் சொல்லப்போவதில்லை. அதற்கு மரியாதை ஒன்றும் காரணமில்லை என்பது போகப்போகத் தெரியும்.

கறம்பக்குடிப் பக்கம் தென்னையும் கடலையும் போடுகிற குடும்பம். கபடியில் கணுக்காலைப் பிடித்தால் விடமாட்டான் என்று பேர். கல்லூரியில் உடற்கல்வி ஆசிரியர் அவனைக் கூப்பிட்டு, "கபடிக்கு ஒன்னைய மாதிரி ஆயிரம் பேரு வரிசையில நிக்கிறாய்ங்க. இந்த ஆட்டத்துக்கு நம்ம ஜில்லாவுல ஆளே இல்ல. பஸ் ஏறுடா" என்று சென்னைத் தேர்வுக்கு அனுப்பிவிட்டார். போட்டியில்லாத பிரிவில் விண்ணப்பிப்பது எந்தக் காலத்திலும் நல்ல யோசனை. மாநில அணி, இந்திய முகாம், பிறகு கொழும்புக் கிளப்பின் ஒப்பந்தம். வருடத்தில் ஐந்து மாதம் அங்கே, மிச்சம் என் மாடியில்.

ஆட்டத்தை எனக்கு ஒருநாள் விளக்கினான். சாப்பாட்டு மேசையில் கத்தரிக்காய்களையும் வெண்டைக்காய்களையும் அணியணியாக அடுக்கிவைத்து விளக்கினான்.

"பந்தைக் கையால முன்னால தூக்கிப் போடக் கூடாது சார். ஓடுறது முன்னால, குடுக்கிறது எப்பவும் பின்னால."

"அப்படின்னா நாங்க முப்பத்து நாலு வருஷமா ரக்பிதான் ஆடியிருக்கோம் போல" என்றேன். "எந்தக் கோப்பு வந்தாலும் பின்னால இருக்கிறவன்கிட்டதான் தள்ளுவோம்."

அதற்கு அவன் சிரித்த சிரிப்பில் கத்தரிக்காய் அணி மேசையிலிருந்து உருண்டுவிட்டது. யார் எவ்வளவு மட்டமாகக் கிண்டல் செய்தாலும் முழு மனதோடு சிரிக்கிறவன் அவன். அது நல்ல குணம் என்று நினைத்தேன். அலுவலகத்தில் அந்தக் குணம் உள்ளவனை என்ன செய்வார்கள் என்பதும் எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

நான் ஓய்வுபெற்ற அரசு அலுவலகக் கண்காணிப்பாளர். பதவி உயர்வு, பணி நீக்கம், ஓய்வூதியம், ஒழுங்கு நடவடிக்கை எல்லாவற்றுக்கும் விதி எண் சொல்வேன். அலுவலகத்தில் என்னிடம் வேலை பழகியவர்களுக்கு முதல் நாளே ஒன்று சொல்லிவிடுவேன்: எந்தப் படிவத்திலும் எந்தக் கட்டத்தையும் காலியாக விடக்கூடாது. காலியாக விட்டால் மேலிடத்திலிருந்து கேள்வி வரும். தகவல் இல்லையென்றால் 'இல்லை' என்று எழுத வேண்டும். மாதாமாதம் பத்துப் பதினைந்து அறிக்கை கேட்பார்கள். தீ விபத்து உண்டா, திருட்டு உண்டா, நிலுவைக் கோப்பு உண்டா என்று. எல்லாவற்றுக்கும் இல்லை, இல்லை, இல்லை என்று நிரப்பி அனுப்பினால் அதற்குப் பெயர் இன்மை அறிக்கை. எங்கள் அலுவலகக் கூரை ஒழுகிய மாதத்தில்கூட 'கட்டடப் பழுது' என்ற கட்டத்தில் 'இல்லை' என்று எழுதியிருக்கிறேன். உண்டு என்றால் எத்தனை சதுர அடி, யார் பொறுப்பு, ஏன் முன்பே தெரிவிக்கவில்லை என்று மூன்று கடிதம் வரும். என் இன்மை அறிக்கைகளை யாரும் திருப்பி அனுப்பியதில்லை.

அவனுடைய படிவங்கள் என்னிடம் வந்தது இப்படித்தான். இரண்டாம் பருவத்துக்குப் போகுமுன் கிளப்பிலிருந்து ஆங்கிலத்தில் ஒரு மருத்துவ உறுதிமொழிப் படிவம் வந்தது. நான்கு பக்கம். மனைவியோடு கீழே இறங்கி வந்து நின்றான்.

"சார் கையெழுத்து அச்சு மாதிரி இருக்கும்னு வீட்டுக்காரம்மா சொன்னாங்க" என்று அவன் மனைவி ஆரம்பித்தாள். புகழ்ச்சிக்கு நான் மசிய மாட்டேன் என்று நினைத்துக்கொண்டே பேனாவை எடுத்தேன்.

வரிசையாகக் கேட்டேன். எலும்பு முறிவு? "இல்லைங்க." தோள்பட்டை இறங்கியது? "இல்லைங்க." சொல்லும்போதே இடது தோளை வலது கையால் தூக்கி வைத்துக்கொண்டான். ஏழாவது கேள்வி, கடந்த ஓராண்டில் தலையில் அடிபட்டு மயக்கமோ, மறதியோ, பார்வைக் கலக்கமோ ஏற்பட்டதுண்டா என்று இருந்தது.

உள்ளங்கையால் நெற்றியைத் தேய்த்தான்.

"ஒரு மேட்ச்சுல… எந்திரிச்சப்ப எந்த ஊருன்னு தெரியலை சார். கொஞ்ச நேரந்தான். ஒண்ணுமில்ல."

"உண்டுன்னு எழுதவா?"

"எழுதுனா எடுக்க மாட்டாங்கெ."

"அப்ப இல்லை."

"இல்லைங்க."

அவன் மனைவி என்னைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள். "சார், எழுதலாமா அப்படி?" என்றாள்.

"கட்டம் காலியா இருக்கக் கூடாதும்மா" என்றேன்.

பதின்மூன்று கட்டம். பதின்மூன்றிலும் 'இல்லை'க்கான ஆங்கிலச் சொல்லைப் பெரிய எழுத்தில், ஒன்றுக்கு நேர்கீழே ஒன்றாக வைத்து எழுதினேன். தள்ளிப் பிடித்துப் பார்த்தபோது மிக அழகாக இருந்தது. அடுத்த வருடமும் அதே படிவம் வந்தது. அந்த முறை நான் கேள்விகளை வாசிக்கவில்லை. அவன் மாடிப்படியில் உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தான். நானே நிரப்பி, கையெழுத்துக்கு மட்டும் நீட்டினேன்.

இரண்டாவது பருவத்தின் நடுவில் அவன் ஆட்டம் ஒன்று கைப்பேசியில் நேரலையாக வந்தது. அவன் மனைவி கேட்டதால் எங்கள் டிவியில் இணைத்துப் போட்டோம். ஞாயிறு சாயங்காலம். தெருவில் பத்துப் பன்னிரண்டு பேர் கூடிவிட்டார்கள். என் மனைவி எல்லாருக்கும் முறுக்கும் டீயும் கொடுத்தாள். முதல் பாதி யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. கொஞ்ச நேரத்தில் புரிய வேண்டிய அவசியம் இல்லை என்று புரிந்துவிட்டது. இவன் யாரையாவது சாய்த்தால் கைதட்ட வேண்டும், அவ்வளவுதான்.

இரண்டாம் பாதியில் ஒரு தடியன், ஃபிஜித் தீவுக்காரன் என்றார்கள், பந்தோடு வந்தான். இவன் குனிந்து பாய்ந்தான். தடியனின் முழங்கால் இவன் நெற்றிப் பொட்டில் இறங்கியது. தடியன் விழுந்தான். இவனும் விழுந்தான். தடியன் எழுந்துவிட்டான். இவன் முகம் மண்ணில் கிடக்க, கை மட்டும் தனியாக எதையோ பிடிப்பது மாதிரி அசைந்தது. பிறகு எழுந்தான். இரண்டு எட்டு இடப்பக்கம் போனான், மூன்று எட்டு வலப்பக்கம் போனான். அப்புறம் நேராக நடந்து போய் எதிரணி வரிசையில் அவர்களோடு சேர்ந்து நின்றுகொண்டான்.

ஹால் முழுக்கச் சிரிப்பு. மளிகைக் கடைக்காரர் தொடையில் தட்டி, "எலே, பிளேயர் கட்சி மாறிட்டான்யா!" என்றார். "எலெக்‌ஷன் வர்றதுக்குள்ள மாறிட்டான்!" என்றார் இன்னொருவர். நானும் சிரித்தேன். கண்ணில் தண்ணீர் வருமளவுக்குச் சிரித்தேன். எதிரணிக்காரன் ஒருவன் இவன் தோளைப் பிடித்து, பாவம், மெதுவாகத் திருப்பி இவன் ஆட்களிடம் கொண்டுபோய் விட்டான். நடுவர் ஏதோ கேட்டார். இவன் கட்டை விரலை உயர்த்திக் காட்டினான்.

"ஒண்ணுமில்லையாம்" என்றார் மளிகைக் கடைக்காரர்.

அவன் மனைவி மட்டும் டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, கைப்பேசித் திரையில் விரலை வைத்துக்கொண்டிருந்தாள். அந்தத் துண்டைப் பதிவு செய்கிறாள் என்று எனக்கு அப்போது தெரியாது.

அதே வருடம் சொந்த ஊரில் அவனுக்குப் பாராட்டு விழா வைத்தார்கள். நானும் போனேன். ஊர் எல்லையிலேயே பெரிய ஃபிளெக்ஸ். அவன் தலையை வெட்டி, அமெரிக்கக்காரர்கள் ஆடும் வேறொரு ஆட்டத்தின் உடம்பில் ஒட்டியிருந்தார்கள். தோளில் கவசம், கையில் இரும்புக் கம்பி போட்ட தலைக்கவசம். பேனர் கடைக்காரர் இணையத்தில் தேடியதில் அந்தப் படம்தான் கிடைத்ததாம். மேடையில் ஒரு பிரமுகர், "இப்படிக் கவசம் போட்டும் ஆபத்தான ஆட்டமுங்க இது" என்று பேசினார். இவன் வாழ்நாளில் தலைக்கவசம் போட்டு ஆடியதில்லை. மோட்டார் சைக்கிளுக்குப் போடுவதோடு சரி.

"எத்தனை கோல் போட்டிருக்க தம்பி?" என்று மைக்கைக் கொடுத்துக் கேட்டார் பிரமுகர்.

அந்த ஆட்டத்தில் தன் வேலை கோல் போடுவதல்ல என்று சொல்ல வாய் திறந்தவன், பிரமுகர் முகத்தைப் பார்த்துவிட்டு, "நெறய போட்டிருக்கேனுங்க" என்றான். பெரிய கைதட்டல். இறங்கும்போது மேடைப் படி இருக்கும் இடத்தில் படி இருப்பதைப் பார்க்காமல் காலை வைத்து விழுந்தான். எழுந்து, "ஒண்ணுமில்லைங்க, ஒண்ணுமில்லைங்க" என்று நாலு பக்கமும் கும்பிட்டான்.

அந்தச் சமயத்தில்தான் ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் மாடியில் ஒரு சத்தம் ஆரம்பித்தது. டொக். இடைவெளி. டொக். சாப்பிட்டுவிட்டுக் கண்ணயர்கிற நேரம். நான் கீழிருந்து கத்தினேன்: "அம்மி கிம்மி வெச்சிருந்தா எடுத்துருங்கம்மா. தளம் விரிசல் விடும்." அவன் மனைவி படியில் பாதி இறங்கி வந்து, "அம்மி இல்லைங்க சார்" என்றாள். வேறு என்ன என்று நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. பத்து நிமிடத்தில் தானே நின்றுவிடும் சத்தம்.

மூன்றாவது பருவம் முடிந்ததும் கிளப் ஒப்பந்தத்தை நீட்டிக்கவில்லை. அரை நொடி தாமதமாகப் பாய்கிறான் என்று எழுதியிருந்தார்கள். முப்பத்தொரு வயது. தொழில்முறை ஆட்டக்காரனாக அவன் வாழ்வு அத்தோடு முடிந்தது. விளையாட்டு ஒதுக்கீட்டில் அரசு வேலைக்கு நான்தான் விண்ணப்பிக்க வைத்தேன். எந்தச் சான்று எந்தப் படிவத்தில், யார் மேலொப்பம், எத்தனை நகல் என்று எல்லாம் நான் பார்த்தேன். கிடைத்தது. இளநிலை உதவியாளர், ஆவுடையார்கோவில் பக்கம் ஓர் அலுவலகம். பணியில் சேருமுன் உடல்தகுதிக்காக ஓர் உறுதிமொழிப் படிவம். அதையும் வாசிக்காமல் நானே நிரப்பினேன். தலைக்காயம்: இல்லை. கடைசிப் பக்கத்தில் 'விண்ணப்பதாரர் அல்லாத பிறர் நிரப்பியிருந்தால் அவர் பெயரும் கையொப்பமும்' என்று ஒரு கட்டம் இருந்தது. கட்டம் காலியாக இருக்கக் கூடாதே. பெயர் எழுதி, கண்காணிப்பாளர் என்று போட்டு, அடைப்புக்குறிக்குள் ஓய்வு என்றும் போட்டுக் கையொப்பமிட்டேன். கொஞ்சம் பெருமையாகவே.

அலுவலகத்தில் அவன் எப்படி இருந்தான் என்பது எனக்கு அங்கே இருந்த பழைய சகா ஒருவர் மூலம் வாரம் தவறாமல் வந்துவிடும். அனுப்பிய கடிதத்தையே மூன்று முறை அனுப்புவானாம். காலையில் சொன்ன ஜோக்கையே மதியமும் சொல்வார்களாம், புதிதாகக் கேட்பதுபோல் சிரிப்பானாம். அப்புறம் அதையே ஒரு பந்தயமாக்கி, ஒரே ஜோக்கை ஒரே நாளில் ஐந்து முறை சொல்லிப் பார்த்தார்களாம். ஐந்து முறையும் சிரித்தான்.

இன்னொரு விளையாட்டும் வைத்திருந்தார்கள். கோப்புக் கட்டு ஒன்றைத் தூக்கி, "பிளேயர்!" என்று கத்தி வீசுவார்கள். எங்கே பார்த்துக்கொண்டிருந்தாலும் உடம்பு திரும்பிப் பிடித்துவிடும். பிடித்த வேகத்தில் நெஞ்சோடு அணைத்து, இடுப்பைத் திருப்பி, பின்னால் இருப்பவரிடம் எறிவானாம். முன்னால் ஒருமுறைகூட எறிந்ததில்லையாம். பேர் மறந்தான், தேதி மறந்தான், அந்த விதியை மட்டும் மறக்கவில்லை. "ஆபீஸே கைதட்டும் சார், நீங்க பார்க்கணுமே" என்றார் சகா.

காலையில் புதுக்கோட்டையில் பஸ் ஏறுகிறவன் சில நாள் ஆவுடையார்கோவிலில் இறங்காமல் அதே பஸ்ஸில் மீமிசல் வரை போய்விடுவான். அங்கே கடலைப் பார்த்து நின்றுவிட்டு, மதியத்துக்கு மேல் அலுவலகத்துக்கு வருவான். "ஏன்யா லேட்டு?" என்றால் "ஒண்ணுமில்லைங்க" என்பான். அதைத் திமிர் என்று எழுதினார்கள்.

வேலை நிரந்தரமாகுமுன் உள்ள தகுதிகாண் பருவம் முடிய நான்கு மாதம் இருக்கையில் குற்றக் குறிப்பாணை வந்தது. கடமை தவறியது, கோப்புகளைத் தொலைத்தது, உரிய நேரத்தில் வராதது. அவன் மனைவி அதைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். வயிற்றில் ஏழு மாதம்.

"இந்த வேலை போச்சுன்னா இவுகளுக்கு வேற வேலை யாரு சார் குடுப்பா? பேங்க்ல கையெழுத்தே ரெண்டு விதமாப் போடுறாங்க. வேலை நிக்கணும் சார். என்ன வேலைன்னாலும் பரவாயில்ல, கேட்டுல ஸ்டூல் போட்டு ஒக்கார வெச்சாலும் சரி."

நிலைமையை நான் ஒரே பார்வையில் புரிந்துகொண்டேன். பணியில் சேர்ந்தபின் ஒருவனுக்குக் குறைபாடு தெரியவந்தால் அவனை வெளியே அனுப்ப முடியாது. அவனால் முடிந்த வேறு வேலையில் வைத்துக்கொள்ள வேண்டும், அவள் சொன்ன அந்த ஸ்டூல் உட்பட. ஆனால் சேருமுன்பே அடிபட்டதை மறைத்துச் சேர்ந்திருந்தால் அந்தப் பாதுகாப்பு கிடைக்காது. இவன் படிவத்தில் 'இல்லை' என்று இருக்கிறது. ஆகவே அடிபட்டது என்று சொன்னால் பொய்யன். அடிபடவில்லை என்று சொன்னால் வெறும் சோம்பேறி.

மூன்றாவதாக ஒரு வழி இருந்தது. படிவத்தை நிரப்பியவர் முன்வந்து, 'அந்தக் கேள்வியை நான் அவருக்கு வாசித்துக் காட்டவே இல்லை. நானாக இல்லை என்று எழுதினேன்' என்று ஒரு பக்கம் எழுதிக் கொடுப்பது. அப்போது மறைத்தான் என்பது நிற்காது. மருத்துவக் குழுவுக்கு அனுப்பு என்று கேட்கலாம். வாசித்துக் காட்டவில்லை என்பது உண்மையும்கூட. அப்படி எழுதிக் கொடுத்தால் அந்த ஓய்வுபெற்ற கண்காணிப்பாளருக்கு என்ன ஆகும்? அநேகமாக ஒன்றும் ஆகாது. ஒரு விளக்கம் கேட்டுக் கடிதம் வரலாம். ஓய்வூதியப் பிரிவில் நாலு பேர் பேசுவார்கள்.

"சார், அந்த ஃபார்ம நீங்கதான எழுதுனீங்க?" என்றாள்.

"கையெழுத்து அவன்தானேம்மா போட்டான்" என்றேன்.

விசாரணையில் குற்றம் சாட்டப்பட்டவருக்கு உதவியாக ஓய்வுபெற்ற அரசு ஊழியர் ஒருவர் உடன் இருக்கலாம். நான் இருந்தேன். யாரும் கேட்காமல் நானாகவே முன்வந்தேன். தெரு முழுக்க என்னைப் புகழ்ந்தது. அவன் பேசக்கூடாததைப் பேசாமல் பார்த்துக்கொள்ள பக்கத்து நாற்காலியைவிட வசதியான இடம் கிடையாது.

விசாரணை அலுவலர் நல்ல மனிதர். இந்த வேலைக்கு நல்ல மனிதர்களைப் போடக்கூடாது. வெளியே பெஞ்சில் அவன் மனைவி கைப்பேசியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அந்த வீடியோவைக் காட்டட்டுமா என்று காலையில் கேட்டிருந்தாள். தானாகக் கொடுக்கக்கூடாது, கேட்டால் கொடுக்கலாம் என்று சொல்லி வைத்திருந்தேன். யாரும் கேட்கப்போவதில்லை என்று எனக்குத் தெரியும்.

குற்றச்சாட்டு ஒவ்வொன்றாக வாசித்தார்கள். இவன் எல்லாவற்றுக்கும் "ஆமாங்க" என்றான். தட்டச்சர் தட்டிக்கொண்டே போனார். எல்லாம் முடிந்தது என்று நான் பேனாவை மூடியபோது, அலுவலர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, அவன் காதுகளையே பார்த்தார்.

"தம்பி, விளையாட்டுல தலையில கிலையில அடிபட்டிருக்கா ஒங்களுக்கு?"

நான் நிம்மதியாகவே இருந்தேன். பதில் என்ன என்று உலகத்துக்கே தெரியும்.

அவன் மேசை மேல் தாள் பறக்காமல் வைத்திருந்த கண்ணாடிக் குண்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, "இருக்குங்கய்யா" என்றான்.

தட்டச்சர் நிறுத்திவிட்டார்.

"நெறய இருக்குங்க. எத்தனைன்னு சொல்லத் தெரியலை. இங்கிட்டு" என்று நெற்றிப் பொட்டைத் தொட்டான், "எப்பவும் ஒரு இடி இருந்துகிட்டே இருக்கும். சொவத்துல முட்டுனாக் கொஞ்சம் அடங்கும். காயிதத்தைப் பாத்தா எழுத்து நகருதுங்க. பஸ்ல எறங்கணும்னு நெனச்சுகிட்டே இருப்பேன், எங்கன்னு வராது. வலிக்குதுங்கய்யா."

அவன் அழவில்லை. விலாசம் சொல்வதுபோல்தான் சொன்னான். அவனை அறிந்த இத்தனை வருடத்தில் முதல் தடவையாக ஒரு கட்டத்தில் 'உண்டு' என்று நிரப்பினான்.

அலுவலர் தட்டச்சரைப் பார்த்தார். "எழுதிக்கங்க."

நான் எழுந்தேன். "ஐயா, ஆட்சேபணை. குறிப்பாணையில் இல்லாத பொருள். பதிவு செய்யக்கூடாது."

"மனுஷத்தன்மையில கேட்டேன் சார்."

"விதியில் இடமில்லைங்கய்யா. இது பதிவானா, உடல்தகுதி உறுதிமொழியில் உண்மையை மறைச்சதா ஆகும். அவருக்குத்தான் கெடுதல். பதட்டத்தில் சொல்லிட்டார்."

நான் சொன்னதில் விதிப்படி ஒரு சொல்கூடத் தவறில்லை. அலுவலர் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். பிறகு அவனிடம் கேட்டார். "நீங்க சொல்லுங்க தம்பி. என்னன்னு எழுதட்டும்?"

அவன் என்னைத் திரும்பிப் பார்த்தான். எதிரணி வரிசையில் நின்றுவிட்டவனை ஒருவன் தோளைப் பிடித்துத் திருப்பி அவன் ஆட்களிடம் கொண்டுபோய் விட்டானே, அப்போது இவன் அந்த எதிரணிக்காரனைப் பார்த்த அதே பார்வை. நன்றி மாதிரி இருக்கும்.

"சார் சொன்னாச் சரியா இருக்குங்க" என்றான். "ஒண்ணுமில்லைங்கய்யா."

தலைக்காயம் ஏதுமில்லை எனத் தெரிவித்தார் என்று தட்டச்சர் அடித்தார். கையெழுத்துப் போடும் இடம் தெரியாமல் மூன்றாவது வரியில் பேனாவை வைத்தான். நான் விரலை வைத்துக் காட்டினேன்.

பணி விடுவிப்பு ஆணை ஆறு வாரத்தில் வந்தது. மூன்றே பத்தி, நல்ல வரைவு. நானே எழுதியிருந்தாலும் ஒரு சொல் குறைக்க முடியாது.

குழந்தை பிறந்து ஐம்பது நாளில் கறம்பக்குடிப் பக்கம் அவன் ஊருக்கே போகிறோம் என்று காலி செய்தார்கள். அங்கே மட்டைக் கயிற்று ஆலையில் நார் அள்ளிப் போடுகிற வேலை, சொந்தக்காரர் ஒருவர் கொடுத்தார். லாரியில் சாமான் ஏறிக்கொண்டிருந்தது. பீரோவை அவன் தனியாகவே முதுகில் தூக்கி இறக்கினான். அவன் மனைவி குழந்தையோடு என் எதிரில் வந்து நின்றாள்.

"சட்டம் தெரிஞ்ச ஒருத்தங்ககிட்ட கேட்டேன் சார். நீங்க ஒரே ஒரு காயிதம் எழுதிக் குடுத்திருந்தாப் போதும்னாங்க."

"வெளியில இருக்கிறவங்க ஆயிரம் சொல்லுவாங்கம்மா. நடைமுறை வேற."

"சரிங்க சார்" என்றாள். "அந்த வீடியோவையாவது நான் உள்ள வந்து காட்டியிருக்கணும். நீங்க சொன்னீங்கன்னு பெஞ்சுலயே ஒக்காந்திருந்தேன்." இதைச் சொல்லிவிட்டு, என் முகத்தை இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தாள். திட்டியிருந்தால் பதில் வைத்திருந்தேன்.

அவன் லாரியிலிருந்து கையசைத்தான். "வாரேன் சார். அடுத்த சீசனுக்கு ஃபார்ம் வந்தாக் கொண்டாறேன்" என்றான். லாரிக்காரர் என்னைப் பார்த்துக் கண்ணடித்தார்.

குடியிருப்பவர்கள் காலி செய்யும்போது நிரப்ப நானே தயாரித்த ஒரு பட்டியல் உண்டு. குழாய், மின்விசிறி, கதவு, தாழ்ப்பாள், சேதம். ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போனேன். உள்ளறையில், ஜன்னலுக்கும் அலமாரிக்கும் நடுவே, சுவரில் ஓர் எண்ணெய்க் கறை. உள்ளங்கை அகலம். அவன் நெற்றி உயரம். தொட்டுப் பார்த்தேன். சுண்ணாம்பு குழிந்து, உள்ளே காரை பொடிப்பொடியாக விரலோடு வந்தது. சேதம் என்ற கட்டத்தில் 'இல்லை' என்று எழுதிவிட்டு, ஆள் வைத்து இரண்டு பூச்சு வெள்ளை அடித்தேன்.

இப்போது மாடியில் ஒரு வங்கி ஊழியர் இருக்கிறார். குடிவந்த அன்று காலண்டர் மாட்ட இடம் தேடி, சுவரைத் தட்டிக்கொண்டே வந்தவர் அந்த இடத்தில் நின்றார்.

"இங்க மட்டும் என்ன சார், சத்தம் வேற மாதிரி கேக்குது?"

"ஒண்ணுமில்ல" என்றேன்.

அவர் ஆணியை வைத்தார். சுத்தியலே தேவைப்படவில்லை. கட்டை விரலால் அழுத்தினார், இறங்கிவிட்டது.